டெக்சஸ் பள்ளி வவுச்சர்: பழமைவாதிக்குப் பழமைவாதியே எதிராக நின்ற கதை

#1 சமவெளி_மருத்துவர் | நவம்பர் 8, 2025

எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸின் மேற்கில், பருத்தி வயலும் காற்றாலையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு சிற்றூரில் 14 ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கிறேன். போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர், "டெக்சஸ் பழமைவாதிகள் எல்லோரும் ஒன்று சேர்ந்து அரசுப் பள்ளிக்குக் குழி தோண்டிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நடந்தது அப்படி அல்ல. வவுச்சர் சட்டத்தை ஆண்டுக் கணக்கில் தடுத்து நிறுத்தியவர்களே பழமைவாதிகள்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆளுநர் கிரெக் ஆபட் 2025 மே 3 அன்று செனட் மசோதா 2-ல் கையெழுத்திட்டார். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு மாநில அரசு ஆண்டுக்கு 10,000 டாலருக்குச் சற்று மேல் கணக்கில் போடும். இதைத்தான் வவுச்சர் என்கிறோம். முதல் ஒதுக்கீடு 100 கோடி டாலர். 2026-27 கல்வியாண்டில் தொடக்கம்.

இதே திட்டம் 2023 நவம்பரில் கீழவையில் 84-க்கு 63 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சிக்கு அங்கே பெரும்பான்மை கிடையாது. திட்டத்தைச் சாய்த்தது ஆளுநரின் சொந்தக் கட்சியான ரிபப்ளிகன் கட்சியின் 21 உறுப்பினர்களின் வாக்கு. ஏறக்குறைய எல்லோரும் சிற்றூர்த் தொகுதிக்காரர்கள். துப்பாக்கி, கருக்கலைப்பு, எல்லைப் பாதுகாப்பு என்று எதை எடுத்தாலும் அவர்களைவிடப் பழமைவாதியைக் காட்ட முடியாது. 2024 மார்ச் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், ஆளுநரே ஊர் ஊராகப் போய் அவர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். பென்சில்வேனியாவின் கோடீஸ்வரர் ஜெஃப் யாஸ் மட்டும் ஆளுநரின் நிதிக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தார். அந்த 21 பேரில் சிலர் போட்டியிலிருந்தே விலகினார்கள், பலர் தோற்றார்கள். 2025 ஏப்ரலில் மசோதா மறுபடி வந்தபோது எதிர்த்து நின்ற ரிபப்ளிகன்கள் இரண்டே பேர்: முன்னாள் அவைத்தலைவர் டேட் ஃபீலன், கேரி வான்டீவர். வான்டீவர் முன்பு பள்ளி மாவட்ட (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கண்காணிப்பாளராக இருந்தவர்.

என் ஊர்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதை நான் பார்த்த வகையில் சொல்கிறேன். எங்கள் ஊரில் பள்ளிதான் பெரிய முதலாளி. ஆசிரியர், பஸ் ஓட்டுநர், சமையற்காரர் என்று குடும்பத்துக்கு ஒருவராவது அங்கே வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால். பிள்ளைகள் போதாததால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அணிக்கு 11 பேர் இல்லை, 6 பேர்தான். அந்த ஆறு பேரைப் பார்க்க ஊரே வரும். யாராவது இறந்தால் துக்கச் சாப்பாடு பள்ளி கேன்டீனில் நடக்கும். பக்கத்தில் தனியார் பள்ளி வேண்டுமென்றால் காரில் ஒன்றே கால் மணி நேரம். என் நோயாளிகளில் பெரும்பாலோர் டிரம்புக்கு மூன்று முறை வாக்களித்தவர்கள். அவர்களிலேயே ஒரு முதியவர் என்னிடம் கேட்டார்: "டாக்டர், என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் காப்பாற்றி வைத்திருப்பது இந்த ஒரு பள்ளிதான். இதைக் காப்பாற்றாவிட்டால் நான் எதற்குக் கன்சர்வேட்டிவ்?"

அந்தக் கேள்வியைத்தான் இங்கே வைக்கிறேன். இருப்பதைக் காப்பது பழமைவாதமா, பெற்றோர் கையில் தேர்வைக் கொடுப்பது பழமைவாதமா?

#2 மூன்று_பிள்ளை_அம்மா | நவம்பர் 8

டாக்டர் சார், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஊரின் பயம் புரிகிறது. ஆனால் நான் ஹூஸ்டன் பக்கத்துப் புறநகரில் இருக்கிறேன், 2018 முதல் ரிபப்ளிகனுக்கு வாக்களிக்கிறேன், இந்தச் சட்டத்தை மனதார வரவேற்கிறேன். காரணம் என் நடுப் பையன்.

அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம். இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் பள்ளி மாவட்டம் பெரியது, பணக்காரப் பெயர் உள்ளது, பெயரைச் சொல்ல விருப்பமில்லை. 504 திட்டம் போட்டுக் கொடுத்தார்கள், மாற்றுத்திறன் பிள்ளைக்கு வகுப்பில் சில சலுகைகள் தரும் ஏற்பாடு. தேர்வில் கூடுதல் நேரம், முன் வரிசை இருக்கை. அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தனியாகக் கற்றுத்தர ஆள் இல்லை. மூன்று ஆண்டு நடையாய் நடந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. என் பையன் ஒருநாள், "அம்மா, நான் முட்டாள்னு அவங்க எல்லாருக்கும் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியலை" என்றான். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தக் கட்டடத்துக்கும் என் பிள்ளைக்கும் கல்யாணம் நடக்கவில்லை என்று.

1925-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பியர்ஸ் வழக்கில் சொன்னது: குழந்தை அரசின் வெறும் படைப்பு அல்ல. ஆரெகன் மாநிலம் 1922-ல் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டது. அதற்கு முன்னே நின்று ஆதரவு திரட்டியது யார் தெரியுமா? கு கிளக்ஸ் கிளான். கத்தோலிக்கப் பள்ளிகளை மூட வைப்பதுதான் நோக்கம். பள்ளிகள் நடத்திய கன்னியாஸ்திரிகள் சபை ஒன்று வழக்குப் போட்டு வென்றது. எனக்குப் பழமைவாதம் என்றால் இதுதான். குடும்பம் முதலில். ஊர் அப்புறம். அரசு அதற்கும் அப்புறம்.

#3 கணக்கு_டீச்சர் | நவம்பர் 8

நான் டல்லாஸ் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பழமைவாதி அல்ல, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வரலாறு பேசினால் இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும், அக்கா. 1954-ல் பிரவுன் தீர்ப்பு நிறப் பாகுபாட்டுப் பள்ளிகளைச் சட்டவிரோதம் ஆக்கியது. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போல) என்ன செய்தது? 1959-ல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கி, கட்டணத்துக்கு அரசு உதவித்தொகை கொடுத்தார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கு 1964 வரை அரசுப் பள்ளியே இல்லை. ஐந்து ஆண்டு! "பெற்றோரின் தேர்வு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அடுத்து பணம். டெக்சஸில் ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. இந்த ஆண்டு அரசுப் பள்ளிக்கு 850 கோடி டாலர் கொடுத்தோம் என்கிறார்கள், கொடுத்ததும் உண்மைதான். ஆனால் அந்த அடிப்படை ஒதுக்கீட்டில் ஏறியது 55 டாலர். மீதியெல்லாம் இன்னதற்குத்தான் என்று கட்டிப்போட்ட பணம்.

#4 சந்தை_நேசன் | நவம்பர் 9

டீச்சர் சொன்ன வரலாறு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வவுச்சர் என்ற கருத்தே அங்கிருந்து வந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மில்டன் ஃபிரீட்மன் 1955-லேயே எழுதிவிட்டார்: கல்விக்கு அரசு பணம் கொடுப்பது ஒன்று, பள்ளியை அரசே நடத்துவது வேறொன்று. இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. உணவு மானியம் கொடுக்கும் அரசு மளிகைக் கடை நடத்துவதில்லையே.

நடைமுறையில் முதல் பெரிய திட்டம் வந்தது 1990-ல், மில்வாக்கியில். அதைப் போராடிக் கொண்டுவந்தவர் பாலி வில்லியம்ஸ். கறுப்பினப் பெண், ஜனநாயகக் கட்சி உறுப்பினர். கையெழுத்திட்டவர் ரிபப்ளிகன் ஆளுநர் டாமி தாம்சன். வசதியுள்ளவன் வீடு மாற்றி நல்ல பள்ளிக்குப் போகிறான், ஏழை எங்கே போவான் என்பதுதான் வில்லியம்ஸின் வாதம். இன்றைக்கும் டல்லாஸ் புறநகர்களான பிளேனோவிலும் ஃப்ரிஸ்கோவிலும் நம் ஆட்கள் வீடு வாங்கும்போது முதலில் பார்ப்பது பள்ளி மதிப்பெண்ணைத்தானே? அதுவும் பள்ளித் தேர்வுதான். கட்டணம் அடமானக் கடன் வழியாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

#5 பிரேசோஸ்_கரை | நவம்பர் 9

நான் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன், ஏழு ஆண்டாக. என்னைப் போன்ற ஹோம்ஸ்கூல் குடும்பங்களில் பலரும் கடுமையான பழமைவாதிகள். எங்களுக்குள்ளேயே இந்தச் சட்டம் பிடிக்காதவர்கள் நிறைய. யாரும் இதைப் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

டெக்சஸில் ஹோம்ஸ்கூல் சுதந்திரம் தானாக வரவில்லை. பெற்றோர் மேல் வழக்குப் போட்ட காலம் இருந்தது. 1994-ல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், வீட்டுப் பள்ளியும் ஒருவகைத் தனியார் பள்ளியே என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டோம். இன்று எந்த அதிகாரியும் என் வீட்டுக் கதவைத் தட்டிப் பாடத்திட்டம் காட்டு என்று கேட்க முடியாது. இந்தத் திட்டத்தில் எங்களுக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும். நான் விண்ணப்பிக்கப் போவதில்லை. அரசின் பணம் முன் வாசலால் வந்தால் அரசின் விதி பின் வாசலால் வரும். இந்த ஆண்டு இல்லை, பத்தாண்டு கழித்து, வேறொரு கட்சி ஆட்சிக்கு வரும்போது வரும். காசு வாங்கிப் பழகியவனுக்கு அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லத் தெம்பு இருக்காது.

#6 புதுசா_வந்தவன் | நவம்பர் 9

கொள்கை எல்லாம் சரி. நடைமுறையில் யாருக்குக் கிடைக்கும்? நாங்கள் இருவரும் ஐ.டி. வேலை, ஆஸ்டின். எங்களுக்கு வருமா?

#7 சமவெளி_மருத்துவர் | நவம்பர் 9

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். விண்ணப்பம் பணத்தைத் தாண்டினால் வரிசை உண்டு. முதலில், வறுமைக் கோட்டின் 5 மடங்குக்குள் வருமானம் உள்ள குடும்பங்களில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள். அடுத்து 2 மடங்குக்குள் உள்ளவர்கள். அடுத்து 2 முதல் 5 மடங்கு. கடைசியில் அதற்கு மேல். நான்கு பேர் குடும்பத்துக்கு 5 மடங்கு என்றால் 2025 கணக்கில் 1,60,750 டாலர். அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மொத்தப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் இருவரும் ஐ.டி. என்றால் கடைசி வரிசையில்தான் இருப்பீர்கள்.

100 கோடி டாலரை 10,000 சொச்சத்தால் வகுத்துப் பாருங்கள். 1 லட்சம் பிள்ளைகளுக்குக் கூட எட்டாது. டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ 55 லட்சம் பேர் படிக்கிறார்கள். பள்ளி அங்கீகாரம் பெற்றதாகவும் குறைந்தது இரண்டு ஆண்டு நடந்ததாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகள் அரசுப் பள்ளி மாணவர்கள் எழுதும் மாநிலத் தேர்வான ஸ்டார் எழுத வேண்டாம், நாடு தழுவிய வேறொரு தேர்வு எழுதினால் போதும். ஒரே வரிப் பணம், இரண்டு அளவுகோல். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையைத் தொடங்கியதற்கே இதுதான் காரணம். 2024 நவம்பர் 5, அதிபர் தேர்தல் நாள். கென்டக்கியில் டிரம்ப் ஏறத்தாழ 65 சதவீதம் வாங்கினார். அதே நாள், அதே வாக்குச்சீட்டில், தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் போக வழி திறக்கும் அரசியலமைப்புத் திருத்தம். அதை ஏறத்தாழ 65 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 120 கவுன்டிகள். ஒன்றில் கூட அது வெல்லவில்லை. நெப்ராஸ்காவிலும் அதே நாள் வாக்காளர்கள் அங்கிருந்த திட்டத்தை ரத்து செய்தார்கள். அதுவும் டிரம்ப் வென்ற மாநிலம்.

மக்களிடம் நேரடியாகக் கேட்ட இடங்களில் பதில் இது. டெக்சஸில் மக்களிடம் கேட்கலாம் என்று ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் டலரிகோ ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தோற்கடித்துவிட்டார்கள். வாக்கெடுப்பு நாள் காலையில் அதிபர் டிரம்பே தொலைபேசியில் ரிபப்ளிகன் கட்சி உறுப்பினர்களிடம் பேசினார். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு, வாக்கும் அவருக்குத்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி வாஷிங்டனிலிருந்து ஒரு ஃபோன் தீர்மானிப்பதா? மாநில உரிமை, ஊர் உரிமை என்று இத்தனை ஆண்டு பேசியது எதற்கு?

#8 ஓஹியோ_நதி | நவம்பர் 10

எங்கள் ஓஹியோ மாநிலத்தில் இது பழைய விஷயம். கிளீவ்லாந்து வவுச்சர் வழக்குதான் 2002-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் 5-க்கு 4 என்று வென்றது. மதப் பள்ளிக்குப் போனாலும் தேர்ந்தெடுப்பது பெற்றோர் என்பதால் செல்லும் என்றார்கள். அப்போது அது கிளீவ்லாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு. 2023-ல் வருமான வரம்பையே எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், வருமானம் ஏற ஏறத் தொகை குறையும். இந்த ஜூனில் ஃபிராங்க்ளின் கவுன்டி நீதிபதி ஒருவர் இது மாநில அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு நடக்கிறது, அதுவரை திட்டம் ஓடுகிறது.

நான் பார்த்தது: என் மகள் படிக்கும் தேவாலயப் பள்ளியில் அவளோடு படிக்கும் பலரும் வவுச்சர் வருவதற்கு முன்பே அங்கே படித்தவர்கள்தான். புதிதாக அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் குறைவு. கட்டணமும் ஏறியது. திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. ஏழைப் பிள்ளைக்கு என்று தொடங்கியது ஏழைப் பிள்ளையிடமே முதலில் போக வேண்டும் என்கிறேன். அந்த வகையில் டெக்சஸ் போட்டிருக்கும் வரிசை எங்களுடையதைவிட நேர்மையானது.

#9 மூன்று_பிள்ளை_அம்மா | நவம்பர் 10

டீச்சர், பிரின்ஸ் எட்வர்ட் பற்றி எழுதியதற்கு நன்றி. ஐந்து ஆண்டு அரசுப் பள்ளி இல்லாமல் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. இரவு அதைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன்.

ஆனாலும் ஒன்று. அரசுப் பள்ளி எல்லோருக்கும் பொது என்று சொல்லும்போது, யாருடைய "பொது" என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1844-ல் ஃபிலடெல்பியாவில் கலவரமே நடந்தது. அரசுப் பள்ளியில் வாசிப்பது புராட்டஸ்டன்ட் பைபிளா, கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்களுடையதை வாசிக்கலாமா என்பதுதான் சண்டையின் தொடக்கம். கத்தோலிக்கத் தேவாலயங்களை எரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கத்தோலிக்கர்கள் சொந்தக் காசில் பள்ளிக்கூடங்களாகக் கட்டித் தள்ளினார்கள், வரியையும் கட்டிக்கொண்டே.

இந்த ஆண்டு ஜூன் 27-ல் வந்த மஹ்மூத் வழக்கையும் பாருங்கள். மேரிலாந்தில் மான்ட்கோமரி கவுன்டி. ஓரினச் சேர்க்கை, பாலின அடையாளம் பற்றிய கதைப் புத்தகங்களைச் சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது, எங்கள் பிள்ளையை வெளியே அனுப்புங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். முதலில் சரி என்ற பள்ளி நிர்வாகம் பிறகு மறுத்துவிட்டது. வழக்குப் போட்டவர்கள் முஸ்லிம், கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் என்று கலந்த குடும்பங்கள். 6-க்கு 3 என்று நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. அவர்கள் புத்தகத்தைத் தடை செய் என்று கேட்கவில்லை. என் பிள்ளைக்கு எப்போது எதைச் சொல்வது என்பதை என்னிடம் விடு என்றார்கள். இதைக் கேட்பதற்கு ஒரு தாய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டுமா?

#10 கணக்கு_டீச்சர் | நவம்பர் 10

அக்கா, அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகவே படுகிறது. அதே கேள்வியை டெக்சஸ் சட்டமன்றத்திடமும் கேட்கிறேன். இந்த ஜூனில் செனட் மசோதா 10 கையெழுத்தானது. ஒவ்வொரு அரசுப் பள்ளி வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகள் மாட்ட வேண்டும், குறைந்தது 16-க்கு 20 அங்குலம். ஆகஸ்டில் சான் அன்டோனியோவில் ஃபிரெட் பியரி என்ற நீதிபதி வழக்குப் போட்டவர்களின் 11 பள்ளி மாவட்டங்களில் அதைத் தடுத்து வைத்தார். என் வகுப்பில் இந்து, முஸ்லிம், சீக்கியர், எதிலும் நம்பிக்கை இல்லாதவர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களின் உரிமை எங்கே?

#11 சமவெளி_மருத்துவர் | நவம்பர் 10

இதில் டீச்சர் பக்கம்தான் நான் நிற்கிறேன். இதுவும் பழமைவாத நிலைப்பாடுதான் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பாப்டிஸ்டுகள். அரசும் சபையும் தள்ளி நிற்க வேண்டும் என்று இந்த நாட்டில் முதலில் குரல் கொடுத்தவர்களில் பாப்டிஸ்டுகள் உண்டு. 1802-ல் ஜெஃபர்சன் எழுதிய பிரிவினைச் சுவர் கடிதம் யாருக்கு? கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு. அங்கே அரசின் ஆதரவு பெற்ற சபை வேறாக இருந்தது, இவர்கள் சிறுபான்மை. அதனால்தான் பாஸ்டர்ஸ் ஃபார் டெக்சஸ் சில்ட்ரன் என்ற போதகர் அமைப்பு ஆண்டுக் கணக்கில் வவுச்சரை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியது. அவர்களின் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது: அரசின் காசு சபைக்குள் வந்தால் கெட்டுப்போவது சபைதான்.

பிரேசோஸ்_கரை சொன்ன பயமும் இதுவும் ஒன்றுதான், கவனித்தீர்களா? ஒருவர் வீட்டுக்காகச் சொல்கிறார், இன்னொருவர் தேவாலயத்துக்காக.

#12 சந்தை_நேசன் | நவம்பர் 11

டாக்டர், ஒரு இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. நீங்கள் வர்ணித்த பள்ளி நல்ல பள்ளி. ஊர் அதை நேசிக்கிறது. அப்படியானால் என்ன பயம்? ஒன்றே கால் மணி நேரம் கார் ஓட்டிப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடப் போகிறார்கள்? உங்கள் ஆறு பேர் அணி அப்படியே இருக்கும். இந்தச் சட்டம் தொடப்போவது ஹூஸ்டனையும் டல்லாஸையும்தான். அங்கே அக்காவின் பையனைப் போல எத்தனையோ பேர். உங்கள் ஊரின் நல்ல பள்ளியைக் காப்பதற்காக அந்தப் பிள்ளைகள் மோசமான வகுப்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எப்படி நியாயம்?

#13 சமவெளி_மருத்துவர் | நவம்பர் 11

நல்ல கேள்வி. நேற்று இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

எங்கள் பள்ளியிலிருந்து நாளைக்கே யாரும் போகப் போவதில்லை என்பது சரி. பயம் பணத்தில். நகரத்தில் திட்டம் பிடித்துப்போய் 100 கோடி 300 கோடியானால், அரிசோனாவில் நடந்ததுபோல் செலவு எதிர்பார்த்ததைத் தாண்டினால், அடுத்த பட்ஜெட்டில் எங்கே கை வைப்பார்கள்? வாக்கு குறைவாக இருக்கும் இடத்தில்தான். எங்கள் ஊர் உறுப்பினரின் ஒரு வாக்கு மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் முன்பு பெரிய வாக்கு. அவர் பிரைமரியில் தோற்றுவிட்டார். புதிதாக வந்தவர் நல்ல மனிதர், ஆனால் யாருடைய தயவில் வந்தார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இப்போதே பக்கத்துப் பள்ளி மாவட்டம் ஒன்று வாரம் நான்கு நாள் பள்ளிக்கு மாறிவிட்டது. ஐந்து நாள் சம்பளம் கொடுக்க முடியாமல் அல்ல. நான்கு நாள் வேலை என்றால்தான் ஆசிரியர் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் எங்கே போவது? சிலர் என் கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களின் அம்மா என்னிடம் வேலை பார்க்கிறார்.

அக்காவின் பையன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னதாக நீங்கள் எழுதிய வாக்கியம் மனதை விட்டுப் போகவில்லை. அவனுக்கு வழி வேண்டும். அந்த வழி எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டுமா என்பதுதான் என் தவிப்பு.

#14 கணக்கு_டீச்சர் | நவம்பர் 11

அக்கா, விவாதத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு உங்களுக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். பையனிடம் இருப்பது 504 திட்டம் என்றுதானே எழுதினீர்கள்? மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 30,000 டாலர் வரை கிடைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு 504 போதாது. ஐ.இ.பி., அதாவது சிறப்புக் கல்வியின் கீழ் அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம், இருக்க வேண்டும். அதைப் போட்டுத் தருவது உங்கள் பள்ளி மாவட்டம்தான். தனியார் பள்ளிக்குப் போவதாக இருந்தாலும் மதிப்பீடு இவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

2023-ல் ஹவுஸ் மசோதா 3928 என்று ஒன்று வந்தது. அதன்படி டிஸ்லெக்சியா சந்தேகம் இருந்தால் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் முழு மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்கு முன் 504-ல் தள்ளிவிடப்பட்ட பிள்ளைகள் ஏராளம், உங்கள் பையனும் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் நடக்காது. கடிதம் கிடைத்து 15 பள்ளி நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 45 பள்ளி நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். நடுவில் தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் விடுமுறை வருகிறது, அவை கணக்கில் சேராது. விண்ணப்பம் 2026 தொடக்கத்தில் திறக்கும். நாள் எண்ணிப் பாருங்கள், இந்த வாரமே கொடுத்தால்தான் சரியாக இருக்கும்.

இன்னொன்று. பெற்றோராக விரும்பித் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டால், அரசுப் பள்ளியில் ஃபெடரல் சட்டம் அவனுக்குக் கொடுக்கும் தனிப்பட்ட உரிமை அங்கே கிடையாது. பள்ளி சொன்னபடி செய்யவில்லை என்றால் ஏ.ஆர்.டி. கூட்டம் (பெற்றோரும் பள்ளியும் உட்கார்ந்து ஐ.இ.பி.யை முடிவு செய்யும் கூட்டம்) போடச் சொல்லிக் கேட்க முடியாது. சேர்க்கும் முன், படிக்கச் சொல்லித் தருபவர் யார், என்ன பயிற்சி பெற்றவர், வாரம் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

#15 மூன்று_பிள்ளை_அம்மா | நவம்பர் 11

டீச்சர், மூன்று ஆண்டில் இதை என்னிடம் ஒருவர் கூடச் சொல்லவில்லை. எந்தக் கூட்டத்திலும். கை நடுங்குகிறது, பிறகு எழுதுகிறேன்.

#16 பிரேசோஸ்_கரை | நவம்பர் 12

அம்மாவுக்கு: கடிதத்தின் நகல் வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், நாளும் நேரமும் பதிவாகும். சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ பள்ளி முதல்வருக்கோ போக வேண்டும். வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் கொடுத்து நின்றுவிட வேண்டாம். என் மூத்தவனுக்கு நான் செய்த தவறு அது.

#17 மூன்று_பிள்ளை_அம்மா | நவம்பர் 13

இன்று காலை 9:10-க்குக் கடிதம் கொடுத்தேன். முதல்வர் அலுவலகத்தில் முத்திரை வைத்து நகல் வாங்கிக்கொண்டேன். மின்னஞ்சலும் போனது. வாங்கிக்கொண்ட அந்தப் பெண், "மேடம், நீங்கள் கேட்டது நல்லது, என் தங்கை பையனுக்கும் இதுதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

மதிப்பீட்டுக்குப் பிறகு ஐ.இ.பி. போட்டு, அரசுப் பள்ளியே அவனுக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்தால் அங்கேயே இருப்பானா என்று வீட்டுக்காரர் கேட்டார். தெரியவில்லை என்றேன். இரண்டு கதவும் திறந்திருக்கட்டும், அப்போது பார்ப்போம். நான் இந்தச் சட்டத்தை இன்னும் ஆதரிக்கிறேன், டாக்டர் சார். உங்கள் பள்ளி மூடக்கூடாது என்றும் விரும்புகிறேன். இரண்டுக்கும் சேர்த்து எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். சிற்றூர்ப் பள்ளிகளின் பங்கைத் தனியாகப் பிரித்து, வவுச்சர் செலவு ஏறினாலும் அதைத் தொடக்கூடாது என்று விதி போடச் சொல்ல. உங்கள் பக்கத்து எண்களும் விவரமும் வேண்டும், அனுப்ப முடியுமா?

#18 சமவெளி_மருத்துவர் | நவம்பர் 13

இன்று இரவே அனுப்புகிறேன், அம்மா. எங்கள் கண்காணிப்பாளரிடம் பேசிவிட்டேன், பஸ் டீசல் செலவிலிருந்து ஆசிரியர் காலியிடம் வரை எல்லாம் பட்ஜெட்டில் இருக்கிறது, பொது ஆவணம்தான். பையனின் அறிக்கை வந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள்.